ஹெரால்டா, மாருதி 800-ஆ? கடலூர் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன. ஒன்று 1969-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. அப்பா 1978-ல் பாண்டிச்சேரியில் ஒரு பள்ளி ஆசிரியரிடம் வாங்கியது. இன்னொன்று 1987 மாருதி 800. சித்தப்பா புதிதாக எடுத்தார். 2003-லிருந்து என் கையில் இருக்கிறது. காலையில் மேலே போர்த்திய துணியை எடுக்கும்போதே தெருவில் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள். சில்வர் பீச்சில் நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு, அதிலும் நம்மைப் போல உப்புக்காற்றில் குடியிருப்பவர்களுக்கு உதவும்.

இரண்டுக்கும் ஒரு தலைமுறை இடைவெளி. எப்படி ஒப்பிட முடியும்?

அந்த இடைவெளிதான் ஒப்பிடத் தூண்டுகிறது. இரண்டுமே நடுத்தரக் குடும்பம் கடன் வாங்கியாவது வாங்கிவிட நினைத்த சின்ன கார்கள். ஹெரால்டில் 948 சிசி, நான்கு சிலிண்டர். மாருதியில் 796 சிசி, மூன்று சிலிண்டர். இரண்டும் நாற்பது குதிரைத்திறனைத் தாண்டாதவை. ஆனால் இவை இரண்டுக்கும் நடுவே கார் கட்டுகிற முறையே தலைகீழாக மாறிவிட்டது. ஹெரால்டு, கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் உடம்பைப் போல்ட் போட்டு வைத்த வண்டி. எஞ்சின் முன்னே இருக்கும், இழுப்பது பின் சக்கரம். மாருதியில் சட்டம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து ஒட்டவைத்த பெட்டிதான் வண்டி, முன் சக்கரமே இழுக்கிறது.

கிட்டத்தட்ட நாற்பது வருடமாக இவை இரண்டோடும் பழகியதில் எனக்குத் தெரிந்தது இது: ஓட்ட மாருதி சுலபம், ஆனால் கடலோர ஊரில் காப்பாற்ற ஹெரால்டுதான் சுலபம். புதிய வண்டிதானே நீண்ட நாள் உழைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஏன் இங்கே பலிக்கவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஹெரால்டு வெளிநாட்டுக் கார்தானே?

பிறப்பு இங்கிலாந்து, வளர்ப்பு நம்ம மெட்ராஸ். 1959-ல் அங்கே டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. உருவத்தை வரைந்தவர் ஜொவானி மிக்கெலோத்தி என்ற இத்தாலியர். 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதை வண்டலூர் அருகே இருந்த தன் தொழிற்சாலையில் கட்டியது. இங்கே அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஒவ்வொரு வருடமும் உள்ளூரில் செய்த பாகங்கள் கூடிக்கொண்டே போயின. 60களின் கடைசியில் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவுகள். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுதான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவைத் தவிர வேறெங்கும் வரவில்லை. பின்சீட்டில் அம்மாவும் பாட்டியும் ஏறி இறங்க வேண்டிய ஊருக்கு ஏற்றபடி இங்கேயே யோசித்துச் செய்தது அது. அதனால்தான் இதை நம்ம ஊர்க் கார் என்றே சொல்லுவேன்.

1970களின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்று, அதே எஞ்சினோடு கஸல் என்ற கார் வந்தது. அதுவும் 1977-ல் முடிந்தது.

மாருதி 800 எல்லாம் கிளாசிக்கா? நேற்று வரை தெருவுக்கு நாலு நின்றதே?

தெருவுக்கு நாலு நின்றதுதான் அதன் பெருமை. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி தன் கையால் கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடையில் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. அம்பாசடரையும் பத்மினியையும் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு, சாவியைத் திருப்பியதும் முதல் தடவையே ஸ்டார்ட் ஆகிற கார் எவ்வளவு பெரிய அதிசயம் என்று இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கடினம். சித்தப்பா அதை எடுத்து வந்த முதல் வாரம், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எங்கள் உறவுக்காரர்கள் வந்து, ஓடுகிறதா நிற்கிறதா என்று பானட்டில் கைவைத்துப் பார்த்தார்கள்.

இன்று கடலூரில் 80களின் மாருதி எத்தனை ஓடுகிறது என்று கவனித்துப் பாருங்கள். என் கண்ணுக்கு மாதத்தில் ஒன்று பட்டாலே அதிகம்.

ஓட்டும்போது என்ன வித்தியாசம் தெரியும்?

மாருதியில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். கிளட்ச் இலகு, கியர் சுலபமாக விழும், ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு அடங்கும். மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும்; ஓட ஆரம்பித்ததும் அது மறந்துபோகும்.

ஹெரால்டுக்கு ஒரு வாரமாவது வேண்டும். முதல் கியரில் சிங்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் அமைப்பு, கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் பற்கள் உரசிக் கத்தும். முழுசாக நிறுத்திப் போட வேண்டும். இல்லையென்றால் நியூட்ரலில் கிளட்சை விட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்துப் போட வேண்டும். அப்பா இதைக் கெடிலம் பாலத்தின் ஏற்றத்தில் வைத்துத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். "சத்தத்தைக் கேள்டா, அதுவே சொல்லும்" என்பார். இன்றைக்கும் எந்த வண்டியை ஓட்டினாலும் என் காது எஞ்சின் பக்கமே இருப்பதற்கு அந்தப் பாலம்தான் காரணம்.

எடையில் ஹெரால்டு சுமார் 800 கிலோ, மாருதி அதைவிட நூற்றைம்பது கிலோ போல இலகு. அதனால் பலம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் சிக்னலில் மாருதி முந்திவிடும்.

பாண்டியில் சின்னத் தெருக்களில் எது வசதி?

நம்ப மாட்டீர்கள், ஹெரால்டுதான். அது மாருதியைவிட அரை மீட்டருக்கும் மேல் நீளம். இருந்தும் 25 அடி வட்டத்துக்குள், அதாவது ஏழரை மீட்டர் சொச்சத்தில், முழுசாகத் திரும்பிவிடும். மாருதிக்கு 8.8 மீட்டர் வேண்டும். ஹெரால்டின் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் கீழே இறங்கிப் பாருங்கள். முன் சக்கரம் ஏறக்குறைய குறுக்காக நிற்கும். ரொமேன் ரோலண்ட் வீதியில் ஒரு தடவை எதிரே டெலிவரி வண்டி வந்து நின்றுவிட்டது. பின்னால் வந்த புதிய கார்க்காரர் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திணறிக்கொண்டிருந்தபோது, நான் ஒரே சுற்றில் திரும்பி வந்தேன்.

ஆனால் நிற்கிற வண்டியில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்காதீர்கள். டயர் தேய்ந்து போவதோடு முன் மூட்டுகளுக்கும் பாரம். மெல்ல உருளவிட்டு ஒடியுங்கள். இன்னொன்று, மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். கடலோரமாக நிறுத்திப் படம் எடுக்க நினைத்தால் அதற்கு முன்பே போய்விடுங்கள்.

ஹெரால்டு வளைவில் கவிழும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஹெரால்டின் பின் ஆக்சில் ஒரே தண்டாக இல்லை. நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சினின் இழுப்பை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி, சட்டத்தோடு கட்டியிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் கைபோல ஒவ்வொரு அச்சு நீண்டு சக்கரத்தைப் பிடித்திருக்கும். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். பறவை இறக்கையை அசைப்பதுபோல ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். பின்னால் நாலு பேர் உட்கார்ந்தால் சக்கரத்தின் மேல்புறம் உள்ளே சாய்ந்து, கீழ்புறம் வெளியே அகலும். அப்போது வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போகும்.

ஆபத்து வண்டி காலியாக இருக்கும்போது வருகிறது. வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்டுப் பயந்து சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால், பின்பக்கம் எழும்பும். வெளிச்சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும், வால் வீசும். அதற்கு வழி ஒன்றுதான். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்திருங்கள். நாற்பத்து சொச்சம் வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூட வால் வீசியதில்லை. ஆனாலும் நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு அந்த அமைப்பு பிடிக்கவில்லை. கஸலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஒற்றை ஆக்சில் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹெரால்டில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று?

ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முன் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை போட்டிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைதான் ட்ரனியன். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்த மரைக்குள் சுழலும். அதற்குள் இருக்க வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் அது மேலேயே இறுகி நின்றுவிடும், அடி மரை காய்ந்துபோகும். தண்ணீர் உள்ளே புகும், தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் வீட்டு வாசலில் நிறுத்தும்போதோ நடுரோட்டிலோ தண்டு உடைந்து சக்கரம் படுத்துவிடும்.

1994-ல் எங்கள் வண்டிக்கு அது நடந்தது. சர்வீசுக்கு விட்ட இடத்தில் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் கன் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை; மற்ற எல்லா வண்டிக்கும் அதுதான் முறை. கன்னிக்கோயில் அருகே மெதுவாகத் திரும்பும்போது வலது முன்பக்கம் 'டப்' என்று தரையில் இறங்கியது. வேகம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எங்கள் பழைய மேஸ்திரி வந்து, உடைந்த தண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மரைப் பள்ளங்களில் செம்மண் மாதிரி துரு நிரம்பியிருந்தது. "தம்பி, இதுல எண்ணெய் வாசமே இல்லை பாரு" என்றார். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை நானேதான் ஆயில் அடிக்கிறேன். அடியில் பழைய ஆயில் கசிந்து வரும்வரை அடிக்க வேண்டும்.

உப்புக்காற்றில் எது தாங்கும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

துரு இரண்டு வண்டியையும் தின்னும். தின்றபிறகு என்ன செய்ய முடியும் என்பதில்தான் வித்தியாசம். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், பானட்டும் இரண்டு மட்கார்டும் சேர்த்து, ஒரே துண்டு. இரண்டு பக்கமும் இருக்கிற கொக்கியைத் தட்டிவிட்டு முன்னோக்கிச் சாய்த்தால் எஞ்சின், ஸ்டீயரிங், முன் ஸ்பிரிங் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டர் பார்க்கலாம். எங்கே துரு ஆரம்பிக்கிறது என்பது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஏதாவது ஒரு பகுதி போய்விட்டதென்றால் போல்ட்டைக் கழற்றி அதை மட்டும் எடுத்துச் சரிசெய்யலாம். 2009-ல் நாங்கள் தரைத்தகட்டைப் பழுது பார்த்தபோது உடம்பைச் சட்டத்திலிருந்து பிரித்து நான்கு செங்கல் அடுக்கின்மேல் வைத்தோம். கீழே சட்டம் மட்டும் சக்கரத்தோடு நின்றது. அதைத் தேய்த்து, துரு நீக்கி, இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்து மறுபடி உடம்பை ஏற்றினோம். மூன்று வாரத்தில் முடிந்தது.

ஹெரால்டிலும் பலவீனமான இடம் உண்டு. சட்டத்திலிருந்து பக்கவாட்டில் கைபோல நீளும் இரும்புகள், முக்கியமாக டிக்கிக்கு அடியில் இருப்பவை, உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும். ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். ஆனால் அவை வெறும் பெட்டி இரும்புகள். எந்த வெல்டிங் பட்டறையிலும் புதிதாகச் செய்துவிடலாம்.

மாருதியில் தகடுதான் எலும்பு. தரை, கதவுக்குக் கீழே ஓடும் பக்கச்சட்டம், முன் ஷாக் அப்சார்பர் போய் மாட்டுகிற மேல்மேடு, இவை அரித்தால் வண்டியின் பலமே போய்விட்டது. அந்த மேல்மேட்டில் பொட்டு அளவு கொப்புளம் தெரிந்தால் நகத்தால் தட்டிப் பாருங்கள். சத்தம் மொத்தென்று வந்தால் அடியில் ஏற்கெனவே காகிதம்தான். தகடு மெல்லியது என்பதால் வெல்டிங் சூடு கொஞ்சம் கூடினாலும் ஓட்டை பெரிதாகும். கை தேர்ந்த ஆள் வேண்டும். ஒரு பட்டறையில் எங்கள் மாருதியின் இடது பக்கச்சட்டத்தைத் துரு எடுக்காமலேயே மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி போல இருந்தது. ஒரே மழைக்காலம், அடுத்த பொங்கலுக்குள் பாளம் பாளமாக விட்டுவந்தது. உள்ளே ஆணியளவு இரும்பு மிச்சமில்லை. மேலே மூடிய பட்டி ஈரத்தை உள்ளே பிடித்து வைத்ததுதான் காரணம்.

தினசரிப் பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே. கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவி ஒரு பயனும் இல்லை. குடிதண்ணீர்க் குழாயில் பிடித்து ஊற்றுங்கள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவை மண்ணடைத்துப் போகும். மாதம் ஒரு தடவை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. கதவின் ஆயுளைப் பத்து வருடம் கூட்டும் என்பது என் அனுபவம். தார்ப்பாயால் மூடாதீர்கள். உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி போதும்.

வெள்ளத்தில் நின்றால்?

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரில் எத்தனையோ வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் மாருதி அப்போது பெண்ணையாற்றுப் பக்கம் என் மச்சான் வீட்டில் நின்றது. கதவின் அடி வரை இரண்டு நாள் தண்ணீர்.

முதல் விஷயம், ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால்காபி நிறம் என்றால் உள்ளே தண்ணீர். எங்களுக்கு ஆயிலில் இறங்கவில்லை. ஆனால் தரை விரிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கிற தார்த்தாளும் பஞ்சும் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தன. மேலே கைவைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும். சீட்டைக் கழற்றி, விரிப்பைப் பிய்த்து எடுத்து, தார்த்தாளைச் சுரண்டி, பத்து நாள் வெயிலில் நான்கு கதவையும் திறந்து வைத்தோம். அந்த வெயிலும் மார்கழி வெயில், அரைகுறைதான்.

ஹெரால்டு 2015 வெள்ளத்தில் அதே அளவு தண்ணீரில் நின்றது. ரப்பர் பாயைச் சுருட்டி எடுத்தோம், குழாய்த் தண்ணீர் பீய்ச்சினோம், வந்த வழியே போய்விட்டது. பிறகு டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் ஆயிலும் ட்ரனியன் ஆயிலும் மாற்றினோம். அவ்வளவுதான்.

ஸ்பேர் கிடைக்குமா?

மாருதிக்கு எஞ்சின் சம்பந்தப்பட்ட எதுவும் கடலூரிலேயே கிடைக்கும். ஆனால் 80களின் வண்டிக்கே உரிய டேஷ்போர்டு, பின் விளக்கு, கதவுக் கண்ணாடி ரப்பர் எல்லாம் அரிதாகிவிட்டன. பழைய வண்டிகளை உடைத்து விற்றுவிட்டார்கள், யாரும் எடுத்து வைக்கவில்லை. கிடைக்கும்போது வாங்கி வைத்துவிடுங்கள்.

ஹெரால்டுக்கு விஷயம் நேரெதிர். எஞ்சின், பிரேக், முன் மூட்டு பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அங்கே டிரயம்ப் ஓட்டுகிறவர்கள் நிறைய. வரவழைக்கலாம், சுங்கவரியோடு சேர்த்துப் பணம் கொஞ்சம் பிடிக்கும். புஷ் மாதிரியான சின்னவற்றை இங்கே லேத்தில் கடைந்துகொள்ளலாம். கஷ்டம் எதிலென்றால் நான்கு கதவு வண்டிக்கே உரிய பின்கதவும் கண்ணாடியும். இங்கிலாந்தில் அது இருந்ததே இல்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைய வேண்டும். எனக்கு ஒரு பின்கதவு கிடைக்க ஆறு வருடம் ஆனது.

இப்போதைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

இரண்டு காலத்துப் பிரச்சினைகள் இருக்கின்றன. முதலாவது ஈயம். 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஹெரால்டு போன்ற பழைய எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் ஈயத்தின் காப்பில் ஓடியது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் அந்த வால்வு உட்கார கெட்டி இரும்பில் புது சீட் போட்டுவிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபிறகு கவலை இல்லை.

இரண்டாவது எத்தனால். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இது இரண்டு வண்டிக்கும் சங்கடம். பழைய ரப்பர் குழாயும் பம்பின் உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வும் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். வீட்டில் பெட்ரோல் வாசம் வந்தால் அசட்டையாக இருக்காதீர்கள், தீப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்குகிற குழாயாக எல்லாவற்றையும் மாற்றுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். வாரம் ஒரு தடவையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். கடலூரிலிருந்து பாண்டி போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் கணக்குச் சரி.

கத்திரி வெயிலில் ஹெரால்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. எஞ்சின் பக்கத்திலேயே இருக்கிற பெட்ரோல் பம்ப் சூடாகி, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, வண்டி நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரம் பொறுத்தால் கிளம்பும். டேஷ்போர்டுக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்திருக்கிறேன்.

மைலேஜ்?

என் நோட்டுப்புத்தகக் கணக்குப்படி ஹெரால்டு லிட்டருக்கு 11, 12. மாருதி 16-லிருந்து 18.

ஆர்.சி. விஷயம் என்ன? வின்டேஜ் பதிவு எடுக்கலாமா?

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை வின்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஹெரால்டு எல்லாமே இதற்குத் தகுதி. 1987 மாருதிக்கு 2037 வரை பொறுக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வின்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி மாதிரியானவற்றுக்குத்தான். நான் வாராவாரம் ஓட்டுகிறவன் என்பதால் பழைய ஆர்.சி.யையே ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்து வருகிறேன். 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியதால் இது இனிமேல் செலவுதான். ஆனாலும் கொட்டகையில் பூட்டி வைக்க எனக்கு மனம் வராது.

பாண்டியில் வண்டி வாங்கிக் கடலூரில் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள், அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். பிஒய் என்று தொடங்கும் புதுச்சேரி நம்பர் அழகாக இருக்கிறது என்று அப்படியே வைத்திருந்து சோதனையில் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. மாருதியில் முதலில் விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் கிளம்பி வந்துவிடுங்கள். ஹெரால்டில் ஜாக் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டிக்கிப் பாயை எடுத்துவிட்டு அடியில் குனிந்து குத்திப் பாருங்கள். எஞ்சின் புகை, பெயிண்ட் மங்கல், சீட் கிழிசல் இவற்றுக்காக நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள். அதெல்லாம் காசு கொடுத்தால் தீர்கிற குறை.

காலை வேளையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டியில் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது.

குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகலாமா?

இன்றைய வண்டியின் பாதுகாப்பு இரண்டிலும் இல்லை. ஹெரால்டில் சீட் பெல்ட்டே கிடையாது. முன் இரண்டு சீட்டுக்கும் நான் தனியாகப் போட்டேன். ஊருக்குள், பகலில், அறுபதைத் தாண்டாமல் ஓட்டுங்கள். புதிய நால்வழிச் சாலையில் இரவில் இவற்றை எடுக்க வேண்டாம். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு அந்தச் சின்னப் பின்விளக்கு கண்ணில் படாது.

ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால்?

முதல் தடவை பழைய கார் வாங்குகிறவர், தினமும் ஆபீசுக்கு எடுக்கப்போகிறவர், கையில் ஸ்பானர் பிடிக்க விருப்பமில்லாதவர் என்றால் மாருதி. தகடு நன்றாக இருக்கிற ஒன்றாகத் தேடி, கொஞ்சம் விலை கூட என்றாலும் அதையே வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் வண்டிக்கென்று ஒதுக்க முடியும், அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது என்றால் ஹெரால்டு. உங்களுக்குப் பிறகு பிள்ளைக்கும் மிஞ்சும்.

உங்களுடையதில் எதையாவது விற்பீர்களா?

வாரம் ஒருவர் கேட்கிறார். இல்லை. ஹெரால்டின் ஆயில் கன்னை இப்போது என் மகள்தான் பிடிக்கிறாள். முந்தின மாதம் இடது ட்ரனியனில் ஆயில் கசியவில்லை என்று அவளே கண்டுபிடித்து நிப்பிளை மாற்றினாள். மாருதியின் இடது பக்கச்சட்டத்தைப் பட்டியெல்லாம் நீக்கி முழுசாக வெட்டிவிட்டோம். புதுத் தகடு மடித்து, துருக்காப்பு அடித்துத் திண்ணையில் சாய்த்து வைத்திருக்கிறது. மழை விடட்டும், தை பிறந்ததும் வருகிறேன் என்று வெல்டிங் மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.